உழைச்செல்வார் இன்றி உயிர்காக்கும் ஆய்வு இல்லை

ஒரு புதிய மருந்து கொடிய நோயொன்றை வென்றது என்னும் செய்தி வந்தவுடன் நாம் யாரைப் பாராட்டுகிறோம்? மருந்தைக் கண்டவரைப் பாராட்டுகிறோம். ஆய்வுக்குத் தலைமை தாங்கிய மருத்துவரைப் பாராட்டுகிறோம். பொருள் வழங்கிய அரசையோ நிறுவனத்தையோ பாராட்டுகிறோம். அம்மருந்தை வேளை தவறாமல் நோயாளியின் கையில் கொடுத்தவர் யார்? அவர் அதனை உண்மையாகவே விழுங்கினாரா என்று பார்த்தவர் யார்? அவருடைய குருதியை வாங்கி உரிய குளிரில் கெடாமல் காத்தவர் யார்? அவர் சொன்னதைச் சொன்னபடியே ஏட்டில் எழுதியவர் யார்? இவ்வினாக்களை எவரும் எழுப்புவதில்லை. பாராட்டு மேடையில் அவர்களுக்கு இருக்கை இல்லை. ஆய்வேட்டின் முகப்பில் அவர்கள் பெயர் இல்லை.

திருவள்ளுவர் அவர்களை மறக்கவில்லை. மருந்து என்னும் தலைப்பில் அமைந்த இறுதிக் குறளில், அஃதாவது 950ஆம் குறளில், மருத்துவத்தை அவர் நான்கு கூறுகளாக வகுக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. உழைச்செல்வான் ஒரு கூறு. உழை என்பது பக்கம், அருகு எனப் பொருள்படும். நோயாளியின் அருகில் இருந்து வேண்டுவன செய்பவனே உழைச்செல்வான். அவனை மருத்துவனுக்குக் கீழே ஒரு வேலையாளாக வள்ளுவர் வைக்கவில்லை; நான்கு தூண்களில் ஒரு தூணாக நிறுத்தினார். ஒரு தூண் சாய்ந்தால் கூரை நிற்குமா?

பண்டுவத்திற்கு உரைத்த இவ்வுண்மை மருத்துவ ஆய்வுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். மருத்துவமனையில் நோயாளரை வைத்து நடத்தப்பெறும் ஆய்வு, அவ்வாய்வைத் தாங்கும் பணியாளரையும் ஏந்துகளையும் நம்பியே நிற்கிறது. அப்பணியாளர் நோயாளியோடு பேசும் மொழியை நம்பியும் நிற்கிறது. இவ்விரண்டும் செம்மையாக இல்லாத இடத்தில் பொன்னால் கட்டடம் எழுப்பினும் பயனில்லை. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

ஆய்வு என்பது யாது?

ஒரு மருந்தைப் பத்துப் பேருக்குக் கொடுத்தோம், எண்மர் நலமடைந்தனர் என்று சொல்வது ஆய்வாகாது. மருந்தின்றியே அவ்வெண்மரும் நலமடைந்திருக்கலாம் அன்றோ? ஆகவே நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒருமுறையும் மறுபிரிவுக்கு மற்றொரு முறையும் கையாண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எவர் எப்பிரிவில் சேர்வது என்பதை மருத்துவர் தம் விருப்பம்போல் முடிவு செய்தல் கூடாது. வலுவுள்ளவரை ஒருபுறமும் நலிந்தவரை மறுபுறமும் அவர் தம்மை அறியாமலேயே தள்ளிவிடக் கூடும். எனவே குலுக்கல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட இசுட்ரெப்டோமைசின் ஆய்வு இம்முறைக்கு வழிகாட்டியாக இன்றும் போற்றப்படுகிறது. என்புருக்கி நோயால் துன்புற்ற 107 பேர் அதில் இடம்பெற்றனர். 55 பேர் படுக்கை ஓய்வுடன் மருந்தும் பெற்றனர். 52 பேர் படுக்கை ஓய்வு மட்டும் பெற்றனர். எவர் எப்பிரிவு என்பது ஒட்டப்பெற்ற உறைகளுக்குள் இருந்தது. ஆறு திங்களில் முதற்பிரிவில் நால்வர் இறந்தனர். மறுபிரிவில் பதினால்வர் இறந்தனர். மருந்தின் ஆற்றல் ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று.

இவ்வாய்வின் உயிர்நாடி எங்கே இருந்தது? உறையை உரிய வேளைக்கு முன் பிரிக்காமல் காத்த நேர்மையில் இருந்தது. நாள்தோறும் உடல்வெப்பம் குறித்த செவிலியின் கையில் இருந்தது. நோயாளி எப்பிரிவினர் என்றறியாமலே ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்து முடிவு சொன்னவரின் நடுநிலையில் இருந்தது. எனினும் அதில் ஒரு குறையும் உண்டு. ஓய்வு மட்டும் பெற்ற அந்த 52 பேருக்குத் தாம் ஓர் ஆய்வில் இருக்கிறோம் என்பதே சொல்லப்படவில்லை. அக்குறை பற்றிப் பின்னர்க் காண்போம்.

சென்னை காட்டிய வழி

இனி நம் மண்ணுக்கு வருவோம். உலக மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஓர் ஆய்வு நம் சென்னையில் நடந்தது என்பதைத் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

1956ஆம் ஆண்டு சென்னைச் சேத்துப்பட்டில் என்புருக்கி நோய் மருந்தாய்வு நடுவம் தொடங்கப்பெற்றது. காசநோய் என்று பலரும் வழங்கும் அந்நோய்க்கு அந்நாளில் பண்டுவம் என்றால், மக்கள் நடமாட்டத்தினின்று விலகிய நலவாழ்வு மனையில் ஓராண்டோ அதற்கு மேலோ படுத்திருத்தல் என்பதே பொருள். நல்லுணவு, நற்காற்று, முழு ஓய்வு ஆகியன வேண்டும் என்றனர். இந்நாட்டில் நோயாளரோ பல இலக்கம். படுக்கைகளோ சில ஆயிரம். படுக்கை கிடைக்காதவர் வீட்டில் கிடந்து மடிவதன்றி வேறு வழியில்லை. வீட்டில் இருந்தபடியே மருந்துண்டு நோய் நீங்க முடியுமா? உடனிருக்கும் மனைவி மக்களுக்கு நோய் தொற்றாதா? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை காணவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக நலவாழ்வு நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கைகோத்தன. வாலசு பாக்சு என்னும் ஆங்கில மருத்துவர் தலைமை ஏற்றார். நம் நாட்டு மருத்துவர்களும், நுண்ணுயிர் வல்லுநர்களும், புள்ளியியல் அறிஞர்களும் அவரோடு இணைந்து உழைத்தனர்.

சென்னை நகரின் ஏழை நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாயினர். ஒரு சாரார் நலவாழ்வு மனைக்குச் சென்றனர். மறு சாரார் தம் குடிசையிலும் குறுவீட்டிலும் தங்கினர். இருசாராரும் ஓராண்டு உண்டவை ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளிவந்தது. ஆண்டிறுதியில் நோய் அடங்கியோர் நலவாழ்வு மனையில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். வீட்டிலிருந்தோர் உண்ட உணவு குறைவு. பெற்ற ஓய்வு குறைவு. வாழ்ந்த இடம் நெருக்கடி மிக்கது. அவ்வாறிருந்தும் மருந்து தன் பணியைச் செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தபோதும் இருசாராரின் நிலையில் பெரும் வேறுபாடு தோன்றவில்லை. வீட்டில் உடனிருந்த உறவினர்க்கும், நோயாளியை வெளியே அனுப்பிவிட்ட வீட்டாரைக் காட்டிலும் மிகுதியாக நோய் பற்றவில்லை என்பது 1966இல் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று.

இதன் விளைவு யாது? நலவாழ்வு மனை இல்லாத நாடும் தன் மக்களைக் காக்கலாம் என்னும் துணிவு உலகுக்குப் பிறந்தது. குடும்பத்தினின்று பிரித்துத் தொலைவில் அடைத்து வைக்கும் கொடுமை படிப்படியாக நீங்கிற்று. ஏழையின் குடிசையே மருத்துவமனையாகலாம் என்பதை ஏழையரின் உடலே மெய்ப்பித்தது.

இனி நம் வினாவைக் கேட்போம். வீட்டிலிருந்த நோயாளி ஓராண்டு முழுவதும் மருந்தை ஒழுங்காக உண்டார் என்பது எப்படித் தெரியும்? நோயாளி பொய் சொல்ல வேண்டும் என்பதில்லை. உடல் சற்றுத் தேறியவுடன் மருந்து கசக்கும். அன்றைய மருந்துகளில் ஒன்று நாள்தோறும் பெருமளவில் விழுங்க வேண்டியது, வயிற்றைப் புரட்டுவது. மறைவாகக் கொட்டிவிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? மருத்துவர் அறையில் அமர்ந்திருக்கும் வரை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நலவாழ்வுப் பணியாளர் தெருத்தெருவாக நடந்தனர். முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரை வாங்கி வந்து மருந்தின் தடம் அதில் உள்ளதா என்று பார்த்தனர். வராதவரைத் தேடிப் பிடித்து, காரணம் கேட்டு, ஆறுதல் கூறி, மீண்டும் அழைத்து வந்தனர். ஆய்வகத்தார் திங்கள்தோறும் சளியை வளர்த்துப் பார்த்தனர். எழுத்தர் ஒவ்வொன்றையும் பதிந்தனர். பாக்சு அவர்களே, மருந்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்படி நோயாளரை விட்டுவிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958இல் தனிக் கட்டுரை எழுதினார்.

சென்னையின் சந்துகளில் அப்பணியாளர் எம்மொழியில் பேசியிருக்க முடியும்? இலண்டன் ஆங்கிலத்திலா? ஒரு கூலித் தொழிலாளியின் மனைவியிடம், “உன் கணவர் நேற்று மருந்துண்டாரா?” என்று கேட்டு உண்மையான விடை பெறுவதற்கு அவள் மொழியும் வேண்டும், அவள் நம்பிக்கையும் வேண்டும். உலகம் வியந்த அந்த 86 என்னும் எண்ணுக்குள் எத்தனை படியேற்றம், எத்தனை பேச்சு, எத்தனை பொறுமை அடங்கியுள்ளன என்பதை எண்ணிப் பாருங்கள்!

அதே நடுவம் 1964இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டது. வாரத்திற்கு இருமுறை பணியாளரின் கண்முன்னே மருந்து கொடுத்தாலும் நோய் தீரும் என்பதை அது காட்டிற்று. 1990களில் உலக நலவாழ்வு நிறுவனம் நாடெங்கும் பரப்பிய நேர்பார்வை மருத்துவ முறைக்குச் சென்னையின் பட்டறிவு அடித்தளங்களுள் ஒன்று. நேர்பார்வை என்பது யாருடைய பார்வை? உழைச்செல்வாரின் பார்வையே! அந்நடுவம் 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு அதே சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

இன்றைய ஆய்வுக்கு வேண்டுவன

1956இல் நோட்டுப் புத்தகமும் கால்நடையும் போதியனவாக இருந்தன. இன்றைய ஆய்வு பன்மடங்கு விரிந்துள்ளது. அமெரிக்காவில் பெத்தெசுடா என்னும் ஊரில் 1953ஆம் ஆண்டிலேயே ஆய்வுக்கென்றே ஒரு மருத்துவமனையை அரசு திறந்தது. நம் பெரிய மருத்துவமனைகளிலும் ஆய்வுப் பிரிவுகள் உள்ளன. ஆனால் கட்டடத்தைக் காட்டி ஆய்வு நடக்கிறது என்று சொல்வது, அடுப்பைக் காட்டி விருந்து நடந்தது என்று சொல்வதை ஒக்கும்.

என்னென்ன வேண்டும்? நோயாளியோடு தனித்துப் பேச ஓர் அறை வேண்டும். பொதுக்கூடத்தில் பத்துப் பேர் காதில் விழ ஒருவன் தன் நோயைச் சொல்ல மாட்டான். ஆய்வு மருந்தைப் பூட்டி வைக்கவும், வரவும் செலவும் எஞ்சியதும் எண்ணிக் காட்டவும் மருந்தாளுநர் வேண்டும். குருதியைக் குறித்த மணிக்குள் பிரித்து வைக்கும் ஆய்வகம் வேண்டும். நெடுநாள் வைக்க வேண்டிய குருதிக்கூறுகள் சுழியத்துக்குக் கீழ் 80 பாகைக் குளிரில் இருக்க வேண்டும். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் மாற்று மின்சாரம் தானே எழ வேண்டும். எழவில்லையெனில் ஓடிவரும் காவலர் ஒருவர் வேண்டும். அந்தக் காவலர் உறங்கிவிட்டால் ஐந்தாண்டு உழைப்பு ஓரிரவில் உருகி ஒழுகிப் போகும்! பதிவேடுகளைப் பிழையின்றி எழுதிக் காப்பவர் வேண்டும். கணக்கிட்டுப் பொருள் காணும் புள்ளியியலார் வேண்டும். எல்லாவற்றுக்கும் நடுவே, நோயாளிக்கும் மருத்துவருக்கும் பாலமாக நிற்கும் ஆய்வுச் செவிலியர் வேண்டும். நோயாளிக்குக் கடுந்தீங்கு நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் ஆய்வு மருத்துவர் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். அத்தீங்கை முதலில் அறிபவர் யார்? இரவு பத்து மணிக்கு நோயாளியின் மகள் அழைக்கும்போது தொலைபேசியை எடுக்கும் அச்செவிலியே அன்றோ!

இத்தகையோரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? பலரும் ஆய்வுத் திட்டம் நடக்கும் வரை ஒப்பந்தப் பணியில் அமர்த்தப்படுகின்றனர். திட்டம் முடிந்தால் பணியும் முடிந்தது. நோயாளரின் பெயரும் முகமும் அறிந்தவர், எவ்வூரில் எவ்வீட்டைத் தட்ட வேண்டும் என்று தெரிந்தவர், எச்சொல்லைச் சொன்னால் அச்சம் நீங்கும் என்று பழகியவர், அப்பழக்கத்தை எல்லாம் மூட்டைகட்டிக்கொண்டு வேறு பிழைப்புத் தேடிப் போகிறார். அடுத்த திட்டத்திற்குப் புதியவர் வருகிறார். எழுத்து முதற்கொண்டு தொடங்குகிறார். உழவன் ஆண்டுதோறும் ஏர்மாட்டை விற்றுவிட்டு ஆண்டுதோறும் பழகாத கன்றை வாங்கினால் உழவு உருப்படுமா?

நோயாளியின் ஒப்புதலும் நோயாளியின் மொழியும்

மேலே கூறிய குறைக்கு வருவோம். உடல் யாருடையதோ அவருடைய ஒப்புதல் இன்றி ஆய்வு கூடாது என்பதை 1947இன் நியூரம்பெர்க்கு நெறிமுறையும், 1964இன் எல்சிங்கி அறிக்கையும் உலகுக்கு உரைத்தன. இந்தியாவில் 2019இல் வந்த புதிய மருந்துகள், மருந்தாய்வுகள் பற்றிய சட்ட நெறிமுறைகள் இதனை விரித்துரைக்கின்றன. நோயாளிக்குத் தரும் விளக்கம் துறைச்சொல் மலிந்ததாக இல்லாமல் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எழுதப் படிக்க அறியாதவராயின் நடுநிலைச் சான்றாளர் ஒருவர் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து கையொப்பமிட வேண்டும். ஆய்வுக்கு இசைவு தரும் அறநெறிக் குழுவில் குறைந்தது எழுவர் வேண்டும். அவருள் ஒருவரேனும் பெண்ணாகவும், ஒருவரேனும் துறைசாராத பொதுமகனாகவும் இருத்தல் வேண்டும்.

சட்டம் தெளிவாகவே உள்ளது. நடைமுறை எவ்வாறுள்ளது? ஒப்புதல் படிவம் முதலில் ஆங்கிலத்தில் பிறக்கிறது. பின்னர் அதனைத் தமிழாக்குமாறு யாருக்கேனும் அனுப்புகின்றனர். வருகின்ற தமிழ் இருவகையாக உள்ளது. ஒருவகை, ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதியது. மற்றொரு வகை, ஆங்கிலச் சொல்லமைப்பைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, பத்து வரிக்கு ஒரு வினைமுற்று வைத்து, படிப்பவர் மூச்சடைக்கச் செய்வது. இவ்விரண்டில் எதனைப் படித்தாலும் மதுரைக்கு அருகே ஆடு மேய்க்கும் பெரியவருக்குத் தம் உடலில் என்ன நடக்கப் போகிறது என்பது விளங்காது. விளங்காத தாளில் வைத்த கைந்நாட்டு ஒப்புதலாகுமா? ஆகாது, அது மைக்கறை மட்டுமே!

தமிழில் சொல்ல முடியாது என்பார்க்கு ஒன்று கூறுவோம். குலுக்கல் முறையில் பிரித்தல் என்னும் கருத்தை மேலைநாட்டார் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, வேறுபாடு அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். “அவனுக்கு யாரும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை” என்பதே அதன் பொருள். “அம்மா, எந்த மருந்து உங்களுக்கு என்பதை மருத்துவர் முடிவு செய்யப் போவதில்லை, குடத்தில் சீட்டுப் போட்டு எடுப்பதுபோல் அது அமையும்” என்று சொன்னால், படிக்காத மூதாட்டிக்கும் நொடியில் விளங்கும்.

தமிழன்பர்களே, இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல் உண்டு. சினவாமல் கேட்க வேண்டும். ஆய்வில் ஒப்பீட்டுக்காகக் கொடுக்கும் மருந்தில்லா மாத்திரைக்கு ‘மருந்துப்போலி’ என்று பெயரிட்டுள்ளனர். நூலில் எழுதுவதற்கு அது குற்றமற்ற சொல். ஆனால் நோயாளியின் காதில் அது ‘போலி மருந்து’ என்றே விழும். போலி மருந்து என்றால் ஏமாற்று மருந்து, கடையில் விற்கும் கள்ள மருந்து என்பது அவர் அறிந்த பொருள். “எனக்குப் போலி மருந்தா கொடுக்கப் போகிறீர்கள்?” என்று அவர் எழுந்து போனால் அவர்மேல் பிழையில்லை. “பார்ப்பதற்கு மாத்திரைபோலவே இருக்கும், உள்ளே மருந்து இராது” என்று சொன்னால் முடிந்தது. தூய தமிழ் என்பது அகரமுதலியில் உறங்கும் அருஞ்சொற்களின் குவியலன்று. வயலிலும் அடுப்பங்கரையிலும் வழங்கும் நம் தாய்மாரின் தமிழே முதல் தூய தமிழ். நோயாளிக்கு விளங்காத வடசொல்லும் வேண்டா. விளங்காத ஆங்கிலமும் வேண்டா. விளங்காத புதுச்சொல்லும் அவர் கைப்படிவத்தில் வேண்டா. புதுச்சொற்கள் மருத்துவக் கல்லூரிப் பாடநூலில் வளரட்டும். ஒப்புதல் படிவத்தில் ஊர்த்தமிழ் பேசட்டும்.

விளங்கிற்றா என்பதை அறிவதெப்படி? ஆசிரியத் தொழிலில் இருப்போர் நன்கறிவர். “புரிந்ததா?” என்று கேட்டால் வகுப்பு முழுவதும் “புரிந்தது ஐயா” என்னும். “நீ புரிந்துகொண்டதை உன் சொல்லில் சொல்” என்றால்தான் உண்மை வெளிப்படும். ஆய்வுச் செவிலியும் அவ்வாறே கேட்க வேண்டும். நோயாளி தம் வாயால், “இது ஆய்வு, நான் வேண்டா என்றாலும் எனக்கு வழக்கமான மருத்துவம் கிடைக்கும், நடுவில் விலகலாம், தீங்கு வந்தால் செலவின்றிப் பார்ப்பார்கள்” என்று சொல்லிக் காட்டிய பின்னரே கையொப்பம் பெறல் வேண்டும்.

தவறினால் நேரும் கேடு

இவையெல்லாம் வெறும் மொழிப்பற்றால் எழுந்த பேச்சு என்று எவரேனும் எண்ணுவராயின், அண்மை நிகழ்ச்சி ஒன்றைக் காட்டுவோம். 2009இல், அன்று ஆந்திரத்திலும் இன்று தெலங்கானாவிலும் உள்ள கம்மம் மாவட்டத்திலும், குசராத்தின் வதோதரா மாவட்டத்திலும், பத்து முதல் பதினான்கு அகவைச் சிறுமியர்க்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டமொன்று நடந்தது. சிறுமியர் சிலர் இறந்த செய்தி எழுந்து, 2010 ஏப்பிரலில் அது நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்குத் தடுப்பூசியே காரணம் என்று உசாவலில் நிறுவப்படவில்லை. தடுப்பூசி இன்று உலகில் பல நாடுகளில் பயன்பட்டு வருகிறது. குற்றம் வேறிடத்தில் இருந்தது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அளித்த அறிக்கையைப் பாருங்கள். ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 1,948 படிவங்கள் பெருவிரல் பதித்தவை. 2,763 படிவங்களில் கையொப்பமிட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்! பெற்ற தாய்க்குத் தெரியாமல் மகளுக்கு ஊசி; கேட்டால் காப்பாளர் கையொப்பம். பள்ளியும் விடுதியும் பிள்ளைகளைக் காக்கும் இடங்கள். அவர்கள் உடலுக்கு உரிமையாளர் ஆகும் இடங்கள் அல்ல. ஆசிரியர்களாகிய நாம் இதனை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதன் விளைவாக நல்ல தடுப்பூசியின் மேலும் மக்களுக்கு ஐயம் பிறந்தது. ஒப்புதலில் ஏமாற்றினால் அடுத்துவரும் உண்மையும் நம்பப்படாது போகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

மறுபுறமும் ஒன்றுண்டு. செவிலியின் அன்பு மட்டும் இருந்து உண்மை இல்லாதிருப்பினும் கேடே. அமெரிக்காவின் தசுகீகி என்னும் ஊரில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கொண்ட 399 கருப்பின ஆடவர்க்கு நோயைச் சொல்லாமலும், பெனிசிலின் வந்த பின்னும் அதனைக் கொடாமலும், நோய் எவ்வாறு முற்றுகிறது என்று அரசே பார்த்துக்கொண்டிருந்தது. நோயற்ற 201 பேரையும் ஒப்பீட்டுக்கு வைத்திருந்தது. அவர்களைப் பல்லாண்டு ஒருங்கே சேர்த்து வைத்திருந்தவர், அவர்களின் அன்புக்குரிய, அவர்களின் இனத்தையே சேர்ந்த ஒரு செவிலி. உழைச்செல்வாரின் ஆற்றல் அத்துணைப் பெரிது! அவ்வாற்றல் நோயாளியின் பக்கம் நிற்க வேண்டுமேயன்றி நோயாளிக்கு எதிராக நிற்கக் கூடாது.

நாம் வேண்டுவன

ஆங்கிலத்தில் எழுதினால்தானே உலகம் படிக்கும் என்று சிலர் வினவுவர். ஆய்வு முடிவை ஆங்கிலத்தில் எழுதுக. வேண்டுமாயின் செருமன் மொழியிலும் உருசிய மொழியிலும் எழுதுக. நாம் தடுக்கவில்லை. ஆனால் உடலைக் கொடுத்தவன் தமிழன். அவனிடம் பேசும் தாள் தமிழாக இருக்கட்டும். செவிலி வாயால் விளக்கிவிடுவாரே என்பர் சிலர். வாய்ச்சொல் ஆளுக்கு ஆள் மாறும், தாள் மாறாது. நாளை வழக்கென்று வந்தால் நோயாளியின் கையில் இருக்கப் போவது அத்தாள் ஒன்றே.

ஆகவே தமிழக அரசையும் மருத்துவக் கல்லூரிகளையும் நாம் வேண்டுவன இவை. ஆய்வு நடக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் ஆய்வுச் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வகப் பணியாளர், பதிவாளர் ஆகியோர்க்கு நிலையான பணியிடம் அமைக்க வேண்டும். ஒப்புதல் படிவம் தமிழிலேயே எழுதப்பெற்று, அச்சாகும் முன் பள்ளிப்படிப்புக் குறைந்த பத்துப் பேரிடம் படித்துக் காட்டி, அவர்கள் திரும்பச் சொல்வதைக் கேட்டுத் திருத்தப்பெற வேண்டும். அத்திருத்தக் குழுவில் மருத்துவரும் தமிழாசிரியரும் மட்டுமன்றிச் செவிலியும் களப்பணியாளரும் இருத்தல் வேண்டும். மக்கள் சொல் அவர்கள் காதில்தான் நாள்தோறும் விழுகிறது. ஆய்வு முடிந்தபின் அதன் முடிவைத் தமிழில் இரண்டு பக்கத்தில் எழுதி, உடலளித்தோர் ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். தம் உடலால் உலகுக்கு என்ன விளைந்தது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆய்வேட்டின் இறுதியிலேனும் உழைத்த செவிலியர், களப்பணியாளர் பெயர்கள் இடம்பெற வேண்டும்.

நம் இயக்கத் தோழர்களுக்கும் பணி உண்டு. உங்கள் ஊரில் எவரேனும் மருத்துவமனையில் தந்த படிவத்தோடு வந்து, “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்டால், ஒதுங்கிப் போகாதீர். அமர்ந்து படித்துச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் கோடிட்டு, “இதை விளக்குங்கள்” என்று மருத்துவமனைக்கே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். ஆய்வென்றாலே அஞ்சி ஓடவும் வேண்டா. ஆய்வென்றவுடன் கண்மூடிக் கைந்நாட்டு வைக்கவும் வேண்டா. அந்த 193 சென்னை ஏழையர் இல்லையெனில் இன்று வீட்டிலிருந்தே என்புருக்கியை வெல்லும் வழி உலகுக்கு விரைந்து கிடைத்திராது. அவர்கள் வீட்டுப் படியேறி மருந்தெண்ணிய பணியாளர் இல்லையெனில் அவ்வேழையரின் ஈகமும் பயனின்றிப் போயிருக்கும்.

நோயாளிக்கு உரிமை, உழைச்செல்வார்க்கு உறுதி, இருவர்க்கும் இடையே தமிழ்! இம்மூன்றும் அமைந்த மருத்துவமனையே ஆய்வு நடத்தத் தகுதியுடைய மருத்துவமனை.